அண்ணன் கோலைப் போலவே ஒன்று

என் வீட்டுக்காரர் பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர்களுக்குக் கோல் செய்கிறார். துணி விரித்த மேசையில் பந்தைக் குத்திக் குழிக்குள் தள்ளுகிற ஆட்டம்தான். கடையில் கட்டுக்கட்டாக விற்கிறார்களே, அந்தக் கோல் இல்லை. இவர் செய்வது ஒரு ஆளுக்கு ஒரு கோல். முன்பு நாற்காலிக் கால் கடைந்துகொண்டிருந்ததால் அக்கம்பக்கத்தில் அவருக்குக் கடைசல்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டின் முன்னறையில் என் தையல் மெஷின், பின்னறையில் அவருடைய லேத்து, நடுவில் ஒரு கதவு. சாத்தினால் மரத்தூள் என் துணிக்கு வராது. ஆனால் சாத்தினால் பேச ஆள் கிடையாது. அதனால் கதவு திறந்தே இருக்கும், நான் துணியை உதறிக்கொள்வேன்.

நம் இரண்டு பேருக்கும் ஒரே பிழைப்பு, அளவெடுப்பது என்று நான் அவரைக் கேலி செய்வதுண்டு. நான் நாடாவால் எடுக்கிறேன், அவர் கண்ணால் எடுக்கிறார். கோல் வேண்டும் என்று யார் வந்தாலும் பின்னறையில் கிடக்கிற பழைய மேசையில் மூன்று ஆட்டம் ஆடச் சொல்வார். ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். பின்கை கோலை எந்த இடத்தில் பிடிக்கிறது, குனிந்தால் தாடை எங்கே வருகிறது, விரல் நீளமா கட்டையா, எல்லாம் நோட்டில் ஏறும். அதற்குத் தகுந்தபடி கோலின் எடை, அந்த எடை எந்த இடத்தில் நிற்க வேண்டும், நுனி எவ்வளவு மெல்லிசு, பிடி எவ்வளவு பருமன் என்று முடிவு செய்வார்.

செய்து முடிக்க ஐந்து மாதம் ஆகும். மரத்தை ஒரே மூச்சில் கடைந்தால் பிறகு கோணிக்கொள்ளும். கொஞ்சம் கடைந்து மூன்று வாரம் தொங்கவிட்டு, அது தன் கோணலையெல்லாம் காட்டி முடித்த பிறகு இன்னும் கொஞ்சம் கடைய வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி கிளினிக் வைத்திருக்கிற பல் டாக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். குள்ளம், சுறுசுறுப்பு. அவளுடைய அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஆறடிக்கு மேல் வளர்ந்தவர், ஆடப் போகிற கிளப்பில் அவரை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு இவர்தான் கோல் செய்து கொடுத்தார்.

"எங்க அண்ணனுக்கு ஒண்ணு செஞ்சு குடுத்தீங்களே மாஸ்டர், அதே மாதிரி எனக்கும் வேணும்" என்றாள். பிறகு தன்னையே திருத்திக்கொண்டாள். "மாதிரி இல்ல. அதேதான் வேணும்."

காரணத்தை அவளே சொன்னாள். அவர்களுடைய அப்பா வைத்திருந்த டீக்கடையின் பின்னறையில் ஒரு பில்லியர்ட்ஸ் மேசை கிடந்ததாம். அண்ணனும் தங்கையும் அதில்தான் ஆடிப் பழகினார்கள். சின்ன வயதிலிருந்து அவள் அண்ணனை ஜெயித்ததே இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், கிளப்பில் அவளுக்குக் கிடைத்த பொதுக்கோல் வளைந்திருந்ததால் அண்ணனே தன் கோலைக் கொடுத்துவிட்டு, அவர் பொதுக்கோலை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவள் ஜெயித்துவிட்டாள். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே, ஜெயித்தது நீ இல்லை, என் கோல் என்று சொல்லிவிட்டார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் முப்பது வருஷம் தோற்றவளுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அவனிடம் அவன் கோல், என்னிடம் அதே கோல், பிறகு என்ன சாக்குச் சொல்கிறான் பார்க்கிறேன் என்றாள்.

இவர் வழக்கம்போல அவளை மூன்று ஆட்டம் ஆடச் சொன்னார். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நெட்டைக்குக் கை நீளம், கோலின் வால்பக்கமாகப் பிடிப்பார். அதனால் அவர் கோலுக்கு வாலில்தான் கனம். டாக்டர் ஒரு சாண் முன்னால் பிடிக்கிறாள். அந்தக் கோலை இவள் பிடித்தால் வால் கீழே இழுக்கும், மூக்கு மேலே தூக்கும். பிடியும் பருமன், இவள் விரல் சுற்றி வராது. இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவள், அந்தக் கோலால்தானே ஜெயித்தேன் என்றாள். ஒரு நாள் அதிர்ஷ்டம் என்றார் இவர். அவள் கேட்கவில்லை. ஒரு நூல் மாறினாலும் அண்ணன் அதையே பிடித்துக்கொள்வான் என்றாள்.

"சரி" என்றார் இவர்.

அந்த 'சரி'யை நான் இருபத்தாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒப்புக்கொண்டேன் என்று அதற்கு அர்த்தம் இல்லை. இனி உன்னோடு பேசிப் பிரயோஜனம் இல்லை என்று அர்த்தம்.

மூன்றாம் மாதம் டீ கொண்டுபோய் வைக்கும்போது பட்டறை மேசையில், கனத்துக்காகக் கோலின் வாலுக்குள் வைக்கிற இரும்புத் திருகாணி ஒன்று பாதியாக அறுபட்டுக் கிடந்தது. பக்கத்தில் புதிதாகக் கடைந்த பித்தளைத் துண்டு. கேட்டேன். மறைக்காமல் சொன்னார். வாலில் இருக்க வேண்டிய கனத்தில் பாதியை எடுத்து, கோலின் இரண்டு துண்டும் சேருகிற நடு இணைப்புக்குள் பித்தளையாக வைக்கிறார். தராசில் போட்டால் அதே ஐந்நூற்று ஐம்பது கிராம்தான் காட்டும். பிடியில் ஒரு இழை குறைத்திருக்கிறார், நுனியில் அரை மில்லிமீட்டர். கூர்கூராகப் பதித்த கருங்காலி வேலைப்பாடு, வெள்ளை வளையம், பிடியில் சுற்றிய நூல் எல்லாம் அண்ணனுடையது போலவே.

"கண்ணுக்கு அவங்க கேட்ட கோல். கைக்கு அவங்களுக்கு ஏத்த கோல்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. கேட்டதைத் தைக்க வேண்டும், இல்லையென்றால் தைக்க முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்றேன். இறுக்கமாக வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நீ உள்ளே இரண்டு விரல் துணி விட்டு வைப்பதில்லையா என்று மடக்கினார். விட்டு வைக்கிறேன், ஆனால் சொல்லிவிட்டுத்தான் விடுகிறேன் என்றேன். அவர் லேத்தை ஓட விட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவரிடம் அதற்கு மேல் என்ன பேசுவது? நானும் என் மெஷினுக்குத் திரும்பிவிட்டேன். ஒரு எட்டு நடந்து கிளினிக்கில் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கோலை வாங்க வந்த அன்று டாக்டர் அதைத் தராசில் வைத்துப் பார்த்தாள். நீளத்தை அளந்தாள். நோட்டில் அண்ணனுடைய பக்கத்தைத் திறந்து அந்த இரண்டு எண்ணையும் ஒப்பிட்டாள். மேசையில் ஒரு பத்து நிமிஷம் ஆடினாள். பந்துகள் சொன்ன பேச்சைக் கேட்டன. "எனக்கு ஆகாதுன்னீங்களே மாஸ்டர்" என்று சிரித்தாள். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

கிளப்பில் ஆட்டம் அடுத்த ஞாயிறு மதியம். முதலில் ஐந்து ஆட்டம் ஜெயிக்கிறவர் வென்றவர் என்று பேச்சு. நாங்களும் போயிருந்தோம். டாக்டர் ஐந்துக்கு இரண்டு என்று அண்ணனை ஜெயித்தாள். நெட்டை வந்து கைகொடுத்தார். அவளுடைய கோலை எடுத்துப் பார்த்தார். நடுவில் ஒரு விரலைக் கொடுத்துத் தராசு மாதிரி நிறுத்தினார். அது நின்ற இடத்தை ஒரு நொடி பார்த்தார், பிறகு கூட்டத்தில் இருந்த இவரைப் பார்த்தார், கோலை மேசைமேல் வைத்துவிட்டார்.

"இப்ப என்ன சொல்ற?" என்று கேட்டாள் தங்கை.

"நல்லா ஆடின" என்றார் அண்ணன். இருவரும் ஒன்றாக டீ குடிக்கப் போனார்கள். நெட்டை கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இவர் மட்டும் ஒன்றும் நடக்காதது போல மேசை ஓரத்தில் துணி பிய்ந்திருப்பதைப் பற்றி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை நெட்டை வீட்டுக்கு வந்தார். வேலை உடுப்பு, இடுப்பில் கருவிப் பை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பின்னறை வாசலில் சாய்ந்து நின்றபடியே பேசினார்.

"அது என் கோல் இல்ல மாஸ்டர்" என்றார்.

இவர் மறுக்கவில்லை. அவளுக்கு உங்கள் கோல் ஆகாது, அதனால் மாற்றினேன் என்றார். நெட்டை அதைப் பற்றிச் சண்டை போடவும் இல்லை. அது அவளுக்குப் பொருந்தியதை என் கண்ணாலேயே பார்த்தேன் என்றார். அப்படியானால் அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று நான்தான் கேட்டேன்.

"ஒரு வருஷத்துக்கும் மேல ஆச்சுக்கா, அவ என் முகத்தப் பாத்துப் பேசி. மறுபடியும் கோல், கோலுன்னு வாயக் குடுக்கச் சொல்றீங்களா?" என்றார். தரையில் கிடந்த மரச்சுருளைக் காலால் ஒதுக்கினார். "ஆனா ஒரு நாள் அவளுக்குத் தெரியத்தான் போகுது. அன்னைக்கு நான் தெரிஞ்சே அவள ஏமாத்தினதா ஆகும். நீங்க நல்லதுதானே செஞ்சீங்க, உங்கள விட்டுடுவா. நான் அவளுக்கு அண்ணன்."

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார்.

இரண்டு நாள் லேத்து ஓடவில்லை. இவர் உப்புத்தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். நான் ஏதாவது சொன்னால் வீம்புக்கு நிற்பார் என்று என் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு, கடைவாய்ப் பல் ஒரு மாதமாகக் குத்துகிறது, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார். பல் குத்தியதும் உண்மைதான். நானும் கூடப் போனேன்.

கிளினிக்கில் நோயாளியாகப் போனால் நோயாளியாகத்தான் நடத்துவார்கள். பேர் கூப்பிட்டதும் நாற்காலியில் சாய்த்து, கழுத்தில் துணி கட்டி, முகத்துக்கு நேரே விளக்கைத் திருப்பிவிட்டாள். ஊசி போட்டாள். மரத்துப்போகக் காத்திருந்த அந்த ஐந்து நிமிஷத்தில் இவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். திருகாணி, பித்தளை, பிடி, நுனி, நெட்டை வந்துபோனது, ஒன்று விடவில்லை. கடைசிச் சொற்கள் உதடு மரத்துக் குழறலாக வந்தன. அவள் கையுறையோடு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்களுக்கும் தெரியுமா?"

தெரியும் என்றேன். ஊசி போட்ட வாயோடு அவர் படுத்திருந்தார்.

"வாயத் திறங்க" என்றாள் அவரிடம். அரை மணி நேரம் வேலை செய்தாள். அவசரப்படவில்லை. முடித்து, கையுறையைக் கழற்றி, அவர் வாய் கொப்பளிக்கும்வரை காத்திருந்தாள்.

"பல்லுல ஓட்ட இருந்துச்சு, அடச்சிட்டேன். பக்கத்துப் பல்லுலயும் ஒண்ணு ஆரம்பிக்குது. அத நான் தொடல. தொட்டிருக்கலாம். மரத்துப்போன வாய், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நல்லதுக்குத்தான் செஞ்சேன்னும் சொல்லியிருக்கலாம்." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் கேட்ட கோலச் செஞ்சு குடுங்க மாஸ்டர்."

வீட்டுக்கு நடந்து வரும்போது இவர் ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார். வலி இல்லை என்றார். அடுத்த நாள் காலை புது மரத்தை லேத்தில் ஏற்றினார்.

அண்ணனிடம் டாக்டர் எப்படிப் பேசினாள் என்பதை நெட்டை பிறகு ஒரு நாள் சொன்னார். கிளப்பில் எல்லோருக்கும் முன்னால் ஒரு மணி நேரம் திட்டினாளாம். தெரிந்தும் சும்மா இருந்தாயா, எனக்கென்ன பிச்சை போடுகிறாயா என்று. "அவ பேசாம இருந்தாத்தான்க்கா பயம். திட்டினா ஒண்ணுமில்ல" என்றார். அவர் முகத்தில் பெரிய பாரம் இறங்கின தெளிவு இருந்தது.

ஐந்து மாதத்தில் இரண்டாவது கோல் முடிந்தது. இந்த முறை வாலில் முழுத் திருகாணி, பிடி பருமன், எல்லாம் அண்ணனுடையதே. டாக்டர் அதை வாங்கிக்கொண்டுபோய் ஒரு மாதம் பழகிவிட்டு அண்ணனோடு ஆடினாள். மூன்றுக்கு ஐந்து என்று தோற்றாள். இனி மெதுவாக முதல் கோலுக்குத் திரும்பிவிடுவாள் என்று இவர் எதிர்பார்த்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் சீட்டியடித்துக்கொண்டு வேலை செய்தார்.

அடுத்த ஞாயிறு அவள் இரண்டு கோலையும் தூக்கிக்கொண்டு வந்தாள். மற்ற குத்துக்கெல்லாம் நீங்கள் மாற்றிய கோல்தான் சரி, ஆனால் ஆட்டத்தைத் திறக்கிற முதல் அடிக்கு அண்ணன் கோல்தான் சரி என்றாள். முக்கோணமாக அடுக்கி வைத்த பந்துகளைச் சிதறடிப்பார்களே, அந்த அடி. முதன்முதலாக அண்ணனை ஜெயித்ததும் அந்த அடியால்தான், ஒவ்வொரு தடவையும் இரண்டு பந்து குழியில் விழுந்தது என்றாள். இவர் அதிர்ஷ்டம் என்று ஆரம்பித்தார். அவள் முடிக்க விடவில்லை.

"ஸ்டூல இந்தப் பக்கம் போடுங்க. பந்தப் பாக்காதீங்க, என் கையப் பாருங்க."

அந்த ஸ்டூல் எப்போதும் மேசையின் எதிர்முனையில் கிடக்கும், பந்து சிதறுவது நன்றாகத் தெரிகிற இடம். இவர் அதைத் தூக்கிக்கொண்டுபோய் அவளுக்குப் பின்னால் போட்டார். நான் பந்துகளை அடுக்கிக் கொடுத்தேன். அவள் இரண்டு கோலாலும் மாற்றி மாற்றிப் பத்து முறை அடித்தாள். முதல் அடிக்கு அவள் குனிவதில்லை, நிமிர்ந்தே நின்று உடம்பு முழுவதையும் தள்ளுகிறாள். அப்போது அவள் பின்கை தானாகவே ஒரு சாண் பின்னால் நழுவி வாலுக்குப் போகிறது. அங்கே கனம் இருந்தால் அடி இறங்குகிறது, இல்லாவிட்டால் வெறும் சத்தம்தான். நான்காவது அடியிலேயே இவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பத்தும் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.

"இருவது வருஷமா இந்த ஸ்டூல அந்தப் பக்கமே போட்டு வச்சிருந்தேன்" என்றார். அவளிடம் சொன்னாரா, தனக்குத் தானே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

மூன்றாவது கோல் அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்கு ஒரே நிபந்தனை போட்டாள்: செய்கிற ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். ஐந்து மாதமும் ஞாயிறு தவறாமல் வந்தாள். இவ்வளவு சண்டையை அந்தப் பின்னறை அதற்கு முன்னால் கண்டதில்லை. கனத்தை இரண்டாகப் பிரித்து வாலில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம் வைக்கலாம் என்று இவர் சொன்னார். எவ்வளவு என்று அவள் கேட்டாள். பத்துப் பத்து கிராமாக மாற்றி மாற்றி ஆடிப் பார்த்து முடிவு செய்தார்கள். பிடியில் நூல் சுற்றினால் முதல் அடிக்குக் கை பின்னால் நழுவ முடியாமல் மாட்டிக்கொள்ளும், வெறும் மரமாகவே இருக்கட்டும் என்றாள். இவருக்கு மனமில்லை, நூல் சுற்றுவதில் அவர் கெட்டிக்காரர். ஆனாலும் விட்டுக்கொடுத்தார். நீளத்தை இரண்டு அங்குலம் குறைக்கச் சொன்னாள். கூடாது என்றார் இவர், ஒரு பழைய கோலை அந்த அளவுக்கு அறுத்து அவள் கையிலேயே கொடுத்தார். நான்கு குத்து குத்திவிட்டு அவளே திருப்பிக் கொடுத்துவிட்டாள். கருங்காலி வேலைப்பாடு வேண்டாம் என்றாள். அது அண்ணனுடைய ஆசை, எனக்கு இல்லை என்றாள். முன்னறையில் மெஷினை மிதித்துக்கொண்டு நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு நாள் என்னிடம் வந்து நின்று, கிளினிக்கில் போட்டுக்கொள்ள ஒரு கோட் தைத்துத் தருவீர்களா என்று கேட்டாள். அன்றுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

கோல் முடிந்த ஞாயிறு நெட்டையும் வந்திருந்தார். தன் கோலை எடுத்து வந்து, வலது தோள் முன்போல் இல்லை, பிடிக்கிற இடமும் மாறிவிட்டது, பார்த்துச் சொல்லுங்கள் மாஸ்டர் என்றார். இவர் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, உங்களுக்கு எங்கே உறுத்துகிறது என்று முதலில் கேட்டார். நெட்டை யோசித்துச் சொல்லும்வரை காத்திருந்தார்.

அதற்குள் டாக்டர் பந்துகளை அடுக்கிவிட்டாள். அண்ணனும் தங்கையும் எங்கள் பழைய மேசையிலேயே ஆடினார்கள். முதல் அடியில் இரண்டு பந்து விழுந்தது. நாலுக்கு நாலு வரை வந்தார்கள். கடைசி ஆட்டத்தில், முடிவாக விழ வேண்டிய கறுப்புப் பந்தை அண்ணன் தள்ளும்போது அவர் சட்டைக்கை வேறொரு பந்தைத் தொட்டதா தொடவில்லையா என்று தகராறு வந்துவிட்டது, தொட்டால் அந்த அடி செல்லாது. தொட்டது என்று அவள், தொடவே இல்லை என்று அவர். எங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். ஆடுகிறவருக்குப் பின்னால் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தபடி, கையைத்தான் பார்த்தேன், பந்தைப் பார்க்கவில்லை என்றார் இவர். நான் பார்த்தேன், தொட்டது. ஆனால் கேட்பாரில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் டீக்கடைப் பின்னறையில் அண்ணன் செய்த களவாணித்தனங்களை அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட, அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு மணி நேரத்தில் கோலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.